எதைக் கண்டு சிரிக்கிறோம்?



இம்மாதம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் இப்பகுதிக்குப் புதிது. மதரஸாவில் பாடம் நடத்துகிறவருக்குத் திரைப்படத்தைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் முகஞ்சுளிக்கவும் கூடும். ஆயினும், கேள்வி என் வீட்டுக் கூடத்திலேயே எழுந்தபோது அதைத் தட்டிக்கழிக்க என்னால் இயலவில்லை. கேட்டவள் என் அண்ணன் மகள். கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறாள்.

"சாச்சா, ஒரு பெண்ணுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சிரிப்புப் படமாக எடுக்கலாமா? அப்படி எடுத்த ஒரு படத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். உம்மாவிடம் கேட்டேன். 'குமர்ப் பிள்ளை பேசுற பேச்சா இது' என்று ஏசுகிறார்கள்" என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று கூறி அவளை அனுப்பிவிட்டேன். விடை தெரியாதது மட்டும் அதற்குக் காரணமன்று. பழைய நினைவொன்று என் நாவைக் கட்டிப்போட்டது.

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், கலைக் கல்லூரி மாணவனாக விடுதியில் தங்கியிருந்தபோது, விடுமுறை நாள் இரவுகளில் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வி.சி.டி. வாடகைக்கு எடுத்துப் படம் பார்ப்பது எங்கள் வழக்கம். அவற்றுள் ஓர் ஆங்கில நகைச்சுவைப் படம். பெயர் மறந்துவிட்டது, காட்சி மறக்கவில்லை. மது மயக்கத்தில் தன்னிலை இழந்து கிடக்கிறாள் ஒரு பெண். அவளைத் தாங்கிப் பிடித்துத் தள்ளாடியபடியே அழைத்துச் செல்கிறான் ஒரு வாலிபன். அவன் எண்ணம் என்னவென்பது அறையிலிருந்த அனைவருக்கும் விளங்கிற்று. விளங்கியதனாலேயே சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் பிழையிருப்பதாக எனக்கு அன்று தோன்றவில்லை. பின்னர் பல ஆண்டுகள் தோன்றவில்லை. பிள்ளை கேட்ட பிறகே தோன்றியது.

எனவே இக்கட்டுரையை ஊருக்கு உபதேசமாக எண்ண வேண்டாம். முதற்கண் எனக்கு நானே சொல்லிக்கொள்வதாகக் கருதுங்கள்.

நகையும் அழுகையும்

சாவு, போர், நோய், கொடுமை போன்றவற்றைச் சிரிப்பின் வழியாகச் சொல்லும் படங்களை இக்காலப் பிள்ளைகள் 'டார்க் காமெடி' என்கிறார்கள். தமிழில் 'அவல நகைச்சுவை' எனலாம். அவலத்தில் நகைச்சுவைக்கு என்ன இடம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினை வரிசைப்படுத்தும்போது நகையையும் அழுகையையும் அடுத்தடுத்தே வைத்திருக்கிறார். நகை பிறப்பதற்கு அவர் கூறும் காரணங்களுள் முதலாவது எள்ளல். அழுகை பிறப்பதற்குக் கூறும் காரணங்களுள் முதலாவது இளிவு. ஒருவன் எள்ளி நகைக்கும் இடத்திலேயே இன்னொருவர் இழிவுபட்டு அழக்கூடும் என்பதை இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கையில் உணரலாம். ஆகவே, எவ்வகைச் சிரிப்பாயினும் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, அங்கே எள்ளப்படுகிறவர் யார் என்பதே.

சார்லி சாப்ளின் 1940ஆம் ஆண்டில் 'தி கிரேட் டிக்டேட்டர்' என்னும் படத்தை எடுத்தார். அதில் எள்ளப்படுகிறவன் ஹிட்லர். அவனுடைய ஆட்களால் அடிபட்டு வாழும் யூதக் குடியிருப்பின் ஏழைகளை அப்படம் பரிவுடன் காட்டிற்று. அப்படிப்பட்ட சாப்ளினே 1964இல் வெளிவந்த தம் வரலாற்றில், வதைமுகாம்களில் நடந்த கொடுமையின் உண்மை அளவு தமக்கு அப்போதே தெரிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்க மாட்டார் என்ற பொருள்பட எழுதினார். கொடுங்கோலனைச் சிரிப்பால் அடிக்கலாம். ஆனால் அச்சிரிப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அதில் பேர்பெற்றவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பது கவனிக்கத்தக்கது.

இரண்டு பழைய படங்கள்

விடுதியில் நாங்கள் கண்ட காட்சி அமெரிக்கப் படங்களில் அரிதான ஒன்றன்று. 1984இல் ஜான் ஹியூஸ் எழுதி இயக்கிய 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' உலகெங்கும் விரும்பிப் பார்க்கப்பட்ட படம். பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளைப் பற்றிய இனிய கதை என்றே அதைக் கொண்டாடினார்கள். அதில் வரும் நல்ல வாலிபன், குடித்து நினைவிழந்த தன் தோழியை இன்னொரு சிறுவனிடம் காரோடு ஒப்படைத்து அனுப்பிவிடுகிறான். மறுநாட்காலையில் இரவு நடந்தது என்னவென்று இருவருக்குமே தெளிவாக நினைவில்லை. ஆயினும் அப்பெண் அதற்காக வருந்தவில்லை, மகிழ்ச்சியே அடைந்தாள் என்று காட்டிப் படம் நம்மைச் சிரிக்க வைக்கிறது. தன் உணர்வில் இல்லாதவள் இசைவு தர இயலாது என்ற எளிய உண்மை அங்கே ஒரு வேடிக்கையாகக் கரைந்துபோகிறது.

அப்படத்தின் கதாநாயகி மோலி ரிங்வால்ட். பிற்காலத்தில் அவரே தாயானார். ஹியூஸ் எழுதி இயக்கிய, தாம் நடித்த இன்னொரு படத்தைத் தம் மகளோடு அமர்ந்து பார்த்தபோது அவர் மனம் சங்கடப்பட்டது. 2017இல் 'மீ டூ' இயக்கம் பரவிய பின்னர், 2018இல் 'நியூயார்க்கர்' இதழில் அவர் எழுதிய கட்டுரையில், தமக்குப் புகழ் தந்த படங்களிலேயே பெண்கள் நடத்தப்பட்ட முறையைத் திரும்ப ஆராய்ந்தார். தாம் நேசித்த ஒன்றில் உள்ள குறையைத் தாமே எடுத்துச் சொல்லுவது எளிதன்று. மகள் பக்கத்தில் அமர்ந்திருந்தபோதுதான் தாய்க்குப் பழைய படம் புதிதாகத் தெரிந்தது என்பதை நம் தாய்மார்களும் எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஸ்பானிய இயக்குநர் பெத்ரோ அல்மொதோவர் 1993இல் எடுத்த 'கிகா'. சிறைக்காவலிலிருந்து தப்பிய ஒருவன் கதாநாயகியின் வீட்டுக்குள் புகுந்து வன்கொடுமை செய்கிறான். அக்காட்சி நெடுநேரம் நீடிக்கிறது. காவலர்கள் வந்து அவனைப் பிடித்திழுக்கப் படும்பாட்டைக் கோமாளிக் கூத்தாகவே படம் காட்டுகிறது. மறைவிலிருந்து ஒருவன் அதைப் படம்பிடிக்க, தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று அதை ஊரறிய ஒளிபரப்புகிறது. பிறர் துயரத்தைக் காட்சிப் பொருளாக்கிப் பிழைக்கும் தொலைக்காட்சியைச் சாடுவது அப்படத்தின் நோக்கங்களுள் ஒன்று. நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் பார்வையாளன் சிரிப்பது தொலைக்காட்சியைப் பார்த்தா? கொடுமைக்குள்ளாகும் பெண்ணின் நிலையைப் பார்த்தல்லவா? எதைச் சாட வந்தாரோ அதையே இயக்குநரும் செய்துவிட்டார் என்று அக்காலத்தில் எழுந்த கண்டனத்தில் நியாயம் இருக்கவே செய்கிறது.

இவ்விரண்டில் முன்னது அறியாமையால் தவறியது. பின்னது அறிந்தே துணிந்து தடுமாறியது. அடிபட்டவளுக்கு இரண்டும் ஒன்றே.

பிள்ளை குறிப்பிட்ட படம்

என் அண்ணன் மகளுக்குக் கட்டுரைக்கெனத் தரப்பட்ட படம் 'ப்ராமிசிங் யங் வுமன்'. எமரால்ட் ஃபென்னல் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி எழுதி இயக்கியது. அவர் இயக்கிய முதல் முழுநீளப் படமும் அதுவே. 2020 டிசம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. 2021இல் சிறந்த மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. விடை சொல்ல வேண்டிய கடமை இருந்ததால், பிள்ளையின் அத்தாவும் நானுமாக அமர்ந்து அதைப் பார்த்தோம். சிறுவர்களோடு பார்க்கத்தக்க படமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கதை இது. கேஸி என்பவள் மருத்துவம் படித்தவள். அவளுடைய உயிர்த்தோழி நீனாவை உடன்பயின்ற மாணவன் ஒருவன் மது மயக்கத்தில் இருந்தபோது சீரழிக்கிறான். நண்பர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், படமும் எடுக்கிறார்கள். கல்லூரி நிர்வாகம் முறையீட்டை ஏற்கவில்லை. நீனா இறந்துபோகிறாள். கேஸி படிப்பைத் துறந்து ஒரு காப்பிக் கடையில் வேலை பார்க்கிறாள். வாரந்தோறும் ஓர் இரவு, மதுவிடுதிக்குச் சென்று நிலைதடுமாறியவள்போல் நடிக்கிறாள். 'பத்திரமாக வீட்டில் சேர்க்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு யாரேனும் ஒரு நல்லவர் வருவார். தம் இருப்பிடத்துக்கு அழைத்துப் போவார். எல்லை மீறும் தறுவாயில் அவள் தெளிந்த கண்களோடு எழுந்து உட்கார்ந்து, என்ன செய்கிறாய் என்று கேட்பாள்.

வாசகர்களே, அந்த இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் விடுதி அறையில் நாங்கள் கண்டு சிரித்த அதே காட்சி. அன்று அந்தப் பெண் கண்ணைத் திறக்கவில்லை, இன்று திறந்துவிட்டாள். திறந்தவள் அந்த வாலிபனை மட்டும் பார்க்கவில்லை, என்னையும் பார்த்ததாகவே உணர்ந்தேன்.

இப்படத்திலும் சிரிப்பு உண்டு. கையும் களவுமாகப் பிடிபட்டவன் உடனே தன்னை உத்தமன் என்று நிறுவப் படும்பாடு சிரிப்பூட்டுகிறது. அப்போது நாங்கள் சிறுபிள்ளைகள், அவள்தான் குடித்திருந்தாள், ஒரு வாலிபனின் எதிர்காலத்தை ஒரு புகாருக்காகக் கெடுக்கலாமா என்று ஆளாளுக்கு அடுக்கும் சாக்குகள்தாம் அங்கே எள்ளப்படுகின்றன. இந்த நல்லவர்களின் வேடத்துக்கு, நகைச்சுவைப் படங்களிலும் தொடர்களிலும் இனிய இளைஞர்களாக மக்கள் மனத்தில் பதிந்த நடிகர்களையே இயக்குநர் தேர்ந்தெடுத்தார். கொடுமை செய்கிறவன் முரட்டு மீசையும் சிவந்த கண்ணுமாக வருவான் என்று நம்பிப் பழகிய நமக்கு அது ஒரு பாடம். நம் நாட்டுத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுகளின் அறிக்கைகளும் இதையே சொல்கின்றன. பதிவான வன்கொடுமை வழக்குகளில் 100க்கு 90க்கும் அதிகமானவற்றில், குற்றஞ்சாட்டப்பட்டவன் பாதிக்கப்பட்டவளுக்கு முன்பே அறிமுகமானவன்.

இன்னொன்றையும் கவனித்தேன். நீனாவுக்கு நேர்ந்ததைப் படம் ஓரிடத்திலும் காட்டவில்லை. பழைய கைப்பேசியில் இருந்த காட்சியைக் கேஸி பார்க்கும்போது குரல்களும் சிரிப்பொலியும் நம் காதில் விழுகின்றன. நாம் காண்பது கேஸியின் முகத்தை மட்டுமே. அந்தச் சிரிப்பொலியில் தான் காதலித்துவந்தவனின் குரலும் இருப்பதை அவள் அப்போது அறிகிறாள். அவன் தொடவில்லை, பார்த்துக்கொண்டு நின்றவன். நின்றவனும் குற்றத்தில் பங்குள்ளவன் என்பதை அந்த ஒரு காட்சி தெளிவாக்கிவிடுகிறது.

குறையும் உண்டு

புகழ்ச்சியோடு நிறுத்தினால் நடுநிலை ஆகாது. கேஸி தன் தோழியின் சொல்லை நம்ப மறுத்த பழைய வகுப்புத் தோழி ஒருத்தியைப் பழிவாங்குகிறாள். அவளைக் குடிக்க வைத்து, ஒருவனைக் கொண்டு விடுதி அறையில் சேர்த்து, தனக்கும் ஏதோ நேர்ந்துவிட்டதோ என்று அவள் பல நாள் பதறித் துடிக்கும்படி விட்டுவிடுகிறாள். உண்மையில் எதுவும் நடக்கவில்லை என்பது பின்னர் தெரிகிறது. ஆயினும், எந்த அச்சத்தைக் கண்டு நாம் சிரிக்கக்கூடாது என்று படம் சொல்ல வந்ததோ, அதே அச்சத்தை இன்னொரு பெண்மீது ஏவி அதை ஒரு சாமர்த்தியமாகக் காட்டுகிறது. அந்த இடத்தில் படம் தன் நெறியைத் தானே மீறுகிறது.

முடிவைப் பற்றியும் கருத்து வேற்றுமை உண்டு. நீனாவைக் கெடுத்தவனின் திருமணத்துக்கு முந்திய கேளிக்கை விருந்தில் கேஸி அவனை எதிர்கொள்கிறாள். அவன் கையால் மூச்சுத்திணறி மடிகிறாள். கொலைக் காட்சியில் சிரிப்பு முற்றாக நின்றுபோகிறது. தான் திரும்பி வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவள் முன்பே செய்துவைத்த ஏற்பாட்டின்படி, மணவிழாவில் காவலர்கள் வந்து அவனைக் கைது செய்கிறார்கள். நீதி கிடைப்பதற்கு ஒருத்தி உயிரைக் கொடுத்தே ஆக வேண்டுமா என்று பலர் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வியே. அதற்குப் பிறகும் கேஸியின் பெயரால் கைப்பேசியில் ஒரு குறும்புக் குறியோடு செய்தி வந்து சேர்வதாகப் படத்தை முடித்திருப்பது, அந்த மரணத்தின் பாரத்தைக் குறைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

சொல்லிலும் சிரிப்பிலும்

தமிழில் இக்கொடுமையைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிய சொல் 'கற்பழிப்பு'. குற்றம் செய்தவன் ஒருவன். அழிந்ததோ அவளுடைய கற்பு என்று அச்சொல் தீர்ப்பளித்துவிடுகிறது. இப்போது 'பாலியல் வன்கொடுமை' என்று எழுதுகிறோம். இது வெறும் சொல் மாற்றமன்று. இழிவை அவள் தலையிலிருந்து இறக்கி, செய்தவன் தலையில் வைக்கும் மாற்றம். நம் நாட்டுச் சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவளின் பெயரை வெளியிடுவது குற்றம் என்று 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 228ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 72ஆவது பிரிவு அதே காப்பை அளிக்கிறது. பெயர் தெரிந்தால் ஊர் என்ன செய்யும் என்பதைச் சட்டம் அறிந்திருப்பதனாலேயே இந்தத் திரையைப் போட்டிருக்கிறது. ஊர் அவளைச் சுட்டிப் பேசும், ஏளனமாகச் சிரிக்கும்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் மகளை அழைத்து என் விடையைச் சொன்னேன். எடுக்கலாம், ஆனால் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும் என்றேன். சிரிப்பு யார்மீது விழுகிறது? கொடுமை கண்ணுக்கு விருந்தாக்கப்பட்டிருக்கிறதா, மறைவில் வைக்கப்பட்டிருக்கிறதா? சிரித்து முடித்தபின் அவளுடைய இழப்பு நம் மனத்தில் தங்குகிறதா, கலைந்துபோகிறதா? அவள் எடுத்துக்கொண்ட படம் இரண்டாவதில் தேறுகிறது. முதலாவதில் பெரும்பகுதி தேறி ஓரிடத்தில் தவறுகிறது. மூன்றாவதில் கடைசி நிமிடத்தில் தடுமாறுகிறது. இதுவே என் மதிப்பீடு.

குறித்துக்கொண்டவள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "சாச்சா, பாடத்துக்காக எங்கள் வகுப்பில் ஒரு பழைய காமெடிப் படத்திலிருந்து ஒரு காட்சியைப் போட்டார்கள். எல்லோரும் சிரித்தோம். ஒருத்தி மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள். ஏன் போனாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்து கேட்டேன்."

அவளுக்கு வேண்டியிருந்தது கட்டுரைக்கான குறிப்பு மட்டுமன்று என்பது அப்போதே எனக்கு விளங்கியது.

அன்புள்ள பெற்றோர்களே! எழுந்து போன பெண்ணுக்கு என்ன காரணம் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்வேன். நாம் கூடிச் சிரிக்கும் இடங்களில் எவரேனும் ஒருவர், சிரிக்கும் நம் முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடும். தமக்கு ஏதேனும் நேர்ந்தால் இவர்களிடம் சொல்லலாமா, கூடாதா என்பதை அவர் அங்கேயே முடிவு செய்துவிடுகிறார். விடுதி அறையில் எங்களோடு அமர்ந்திருந்த நண்பர்களில் எவனுடைய சகோதரிக்கு என்ன நேர்ந்திருந்ததோ, எவனே சிறுவயதில் என்ன பட்டிருந்தானோ, யார் கண்டது? எங்கள் சிரிப்பு அவன் வாயை அடைத்திருக்கும்.

நம் வீடுகளில் இத்தகைய காட்சி வந்தால் வாயை மூடிக்கொண்டு அலைவரிசையை மாற்றிவிடுவதே வழக்கம். மாற்றுங்கள். ஆனால் மாற்றும்போது, 'இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைமேல் குற்றமில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மகன் காதிலும் விழட்டும்; மகள் காதிலும் விழட்டும். குமர்ப் பிள்ளை இப்படிக் கேட்கலாமா என்று அதட்டிய வாயால், 'என்ன விஷயம் வாப்பா, சொல்லு' என்று கேட்டுப் பழகுவோம். என் அண்ணன் மனைவியும் இப்போது அப்படித்தான் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

எழுந்து போன அந்தத் தோழியோடு இப்போதெல்லாம் தான் சேர்ந்து உட்காருவதாகப் பிள்ளை சொன்னாள். ஒன்றும் கேட்பதில்லையாம், பக்கத்தில் உட்காருகிறாளாம். கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்று நானும் கேட்கவில்லை.